பழைய காருக்கு எலெக்ட்ரிக் ஃபேன் சுவிட்ச்: எங்கே வைப்பது, எத்தனை டிகிரிக்கு வைப்பது

என்னிடம் இருப்பது பெல்ட்டில் சுற்றும் ஃபேனோடு வந்த பழைய கார். அந்த ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போட்டு, அது எந்தச் சூட்டில் ஓட வேண்டும் என்று நானே திருகி வைத்துக்கொள்ளும்படி ஒரு சுவிட்சையும் பொருத்தியிருக்கிறேன். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரியில் ஃபேன் ஆன் ஆகணும்?" என்பதைத்தான். எத்தனை டிகிரியில் நிற்கணும் என்று யாரும் கேட்பதில்லை. இந்த வேலையின் சூட்சுமம் பெரும்பாலும் அந்தக் கேட்காத கேள்வியில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெல்ட் ஃபேனை ஏன் கழற்ற வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது இன்ஜின் வேகத்துக்கு ஏற்பத்தான் சுற்றும். வண்டி நெரிசலில் நிற்கும்போது ரேடியேட்டருக்குள் காற்றே போகாது, ஃபேன் தேவைப்படும் நேரமே அதுதான், ஆனால் இன்ஜின் ஐடிலில் ஓடுவதால் ஃபேனும் சோம்பலாகச் சுற்றும். சுமார் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், அப்போது ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு ஃபேனைச் சுற்றத் தேவையான சக்தி அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. வேண்டாத நேரத்தில் அவ்வளவு சக்தியும் இன்ஜினிலிருந்துதான் போகிறது, கூடவே அந்த இரைச்சல் வேறு. எலெக்ட்ரிக் ஃபேன் போட்டால் குளிர்ந்த இன்ஜின் சீக்கிரம் ஓட்டச் சூட்டுக்கு வந்துவிடும் என்றும் சொல்வார்கள். அதில் பாதி உண்மைதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருக்கும், ரேடியேட்டருக்குத் தண்ணீரே போகாது, அதனால் ஃபேன் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும். உங்கள் கார் நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓடத் தொடங்கியதும் சூடு காட்டும் முள் இறங்கிவிடுகிறது என்றால் குறை காற்றில் இருக்கிறது, ஃபேன் மாற்றினால் சரியாகும். வேகமாக ஓடும்போதோ ஏற்றத்திலோ சூடாகிறது என்றால் ஃபேனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம், ஹெட் கேஸ்கெட்டே போயிருக்கலாம். அந்த நிலையில் சுவிட்ச் வாங்கிப் பொருத்துவது வீண் செலவு, நோய் இன்னும் கொஞ்ச நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

சரி, டிகிரி விஷயத்துக்கு வருவோம். இன்ஜினின் சூட்டைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட். உள்ளே மெழுகு அடைத்த ஒரு குப்பி இருக்கும், மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளும். 82 என்று பொறித்த தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும், முழுதாகத் திறக்க இன்னும் பத்து பன்னிரண்டு டிகிரி வேண்டும். அதாவது 82-லிருந்து ஏறக்குறைய 93 வரை உள்ள இடைவெளி தெர்மோஸ்டாட் ஆளும் பகுதி. அதற்குள் ஃபேன் நுழையவே தேவையில்லை. தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்து, தன்னால் செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டு, அதன் பிறகும் சூடு ஏறினால்தான் ஃபேனுக்கு வேலை. 82 தெர்மோஸ்டாட் போட்ட காரில் 95 வாக்கில் ஆன், 88 அல்லது 90-ல் ஆஃப் என்று வைத்தால் அழகாக ஓடும். 88 தெர்மோஸ்டாட் என்றால் இரண்டையும் அதே அளவு மேலே தள்ளிக்கொள்ளலாம்.

இப்போது ஆஃப் ஆகும் புள்ளியைப் பாருங்கள். பயத்தில் சுவிட்சின் குமிழைக் கீழே திருகி, 85-ல் ஆன், 78-ல் ஆஃப் என்று ஒருவர் வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஃபேன் 85-ல் ஓடத் தொடங்கும். தண்ணீர் குளிரும். 82-ஐ நெருங்கும்போது தெர்மோஸ்டாட் மூடத் தொடங்கி, இன்ஜினை விட்டு வெளியே வரும் தண்ணீரை அதற்குக் கீழே இறங்க விடாமல் பிடித்துக்கொள்ளும். அதன் வேலையே அதுதானே. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீரைக் கொண்டுபோகும் மேல் ஹோஸில் இருக்கும் சென்சார் 78-ஐப் பார்க்கவே போவதில்லை, ஃபேனும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கும்வரை நிற்கப் போவதில்லை. நாள் முழுக்கப் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் உறிஞ்சிக்கொண்டு, மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷைத் தேய்த்துக்கொண்டு, எந்தப் பயனும் இல்லாமல் சுற்றும். பெல்ட் ஃபேனைக் கழற்றி மின்சாரத்தில் ஓடும் இன்னொரு பெல்ட் ஃபேனை மாட்டியது போல ஆகிவிடும். ஆஃப் புள்ளி தெர்மோஸ்டாட் திறக்கும் புள்ளிக்கு மேலே சில டிகிரியாவது இருக்க வேண்டும், இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

95 டிகிரி என்றதும் பலருக்குக் கை நடுங்குகிறது, இன்னும் ஐந்து டிகிரியில் கொதித்துவிடுமே என்று. மூடி போட்ட ரேடியேட்டரில் அப்படிக் கொதிக்காது. அரை பார் அழுத்தம் தாங்கும் மூடியிருந்தால் வெறும் தண்ணீரே 111 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், 1 பார் மூடியில் 120. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும். ஆனால் மூடியின் ரப்பர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. பழைய காரில் ஃபேனுக்கு முன்னால் புது மூடி வாங்குங்கள். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழுத்தம் போன கணத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து நீராவியோடு சீறி முகத்தில் அடிக்கும்.

அட்ஜஸ்ட் செய்யக்கூடிய சுவிட்சுகளில் இரண்டு வகை. ஒன்று மெல்லிய செம்புக் குழாய் வகை: குழாயின் ஒரு முனையில் திரவம் அடைத்த சின்ன உருளை, மறுமுனையில் குமிழ் வைத்த பெட்டி. சூட்டில் திரவம் விரிந்து பெட்டிக்குள் இருக்கும் கான்டாக்டைத் தள்ளும், குமிழைத் திருகினால் அதற்கு எதிரான ஸ்பிரிங் இறுகும் அல்லது தளரும். இன்னொன்று எலெக்ட்ரானிக் வகை: சூடேற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர் ஒன்றும், அதைப் படிக்கும் ஒரு பெட்டியும். எலெக்ட்ரானிக் வகை துல்லியமானது, ஆன், ஆஃப் இரண்டையும் தனித்தனியாக வைக்க வசதியிருக்கும் பெட்டிகளும் உண்டு. செம்புக் குழாய் வகையில் இரண்டுக்கும் இடையிலான இடைவெளி பெரும்பாலும் உள்ளேயே நிலையாக அமைந்திருக்கும், குமிழைத் திருகினால் இரண்டும் சேர்ந்தே நகரும். அந்த இடைவெளி ரொம்பக் குறைவாக இருந்தாலும் தொல்லை, ஃபேன் ஆன் ஆஃப் ஆன் ஆஃப் என்று துடித்துக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும், ஃபேனுக்குப் போகும் பெரிய கரண்டைச் சின்னக் கரண்டால் திறந்து மூடும் ரிலே சீக்கிரம் கருகும்.

மிகப் பழைய கார்களுக்கு நான் செம்புக் குழாய் வகையைத்தான் சொல்வேன். சில பழைய கார்களில் பேட்டரியின் பாசிடிவ்தான் காரின் இரும்பு பாடியோடு இணைந்து எர்த் ஆகியிருக்கும். அதில் சாதாரண எலெக்ட்ரானிக் பெட்டியை மாட்டினால் செத்துவிடும், செம்புக் குழாய் சுவிட்சோ வெறும் கான்டாக்ட் என்பதால் அதற்கு எந்தப் பக்கம் பாசிடிவ் என்ற கவலையே கிடையாது. ஆனால் அந்தக் குழாயை மடக்கி உடைத்துவிட்டால் திரவம் போய்விடும், அப்புறம் சுவிட்ச் எந்தச் சூட்டிலும் ஆன் ஆகாது. மிச்சமிருக்கும் குழாயைப் பெரிய வளையமாகச் சுற்றி, எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல், அதிராமல் கட்டி வைக்க வேண்டும். எலெக்ட்ரானிக் வகையிலும் இதே போன்ற ஆபத்து உண்டு. சென்சார் ஒயர் அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் ஏறும், பெட்டி அதை "இன்ஜின் ரொம்பக் குளிர்ந்திருக்கிறது" என்றுதான் புரிந்துகொள்ளும். ஒயர் அறுந்ததைக் கண்டுபிடித்து ஃபேனைத் தானாக ஓட்டும் பெட்டியா என்று பார்த்து வாங்குங்கள்.

சென்சார் முனையை எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. எளிதான வழி, ரேடியேட்டரின் தகடுகளுக்கு நடுவே செருகுவது. ஹோஸை அறுக்க வேண்டாம், தண்ணீர் ஒழுகாது. ஆனால் அது அளப்பது தண்ணீரின் சூட்டை அல்ல, தகட்டின் சூட்டையும் அதைத் தொட்டுப் போகும் காற்றின் சூட்டையும் கலந்த ஏதோ ஒன்றை, உண்மைச் சூட்டைவிட அது எப்போதும் குறைவாகவே இருக்கும். மேல் ஹோஸ் வந்து சேரும் மூலைக்குப் பக்கத்தில் செருகினால் ஓரளவு நம்பலாம். இரண்டாவது வழி, செம்புக் குழாயை மேல் ஹோஸின் வாய்க்குள் விட்டு, ஹோஸுக்கும் ரேடியேட்டர் கழுத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் சீல் வைத்துக் கிளிப்பை இறுக்குவது. உருளை தண்ணீரிலேயே மூழ்கியிருக்கும், அளவு சரியாக வரும். ஒழுகுவதும் அங்கேதான். பழைய பித்தளைக் கழுத்து நெளிந்தோ அரித்தோ இருந்தால் எந்த சீலும் நிற்காது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. மேல் ஹோஸை நடுவில் வெட்டி, சென்சாருக்கு மரை வைத்த ஒரு சிறிய அலுமினியக் குழாயை இடையில் மாட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போடுவது. சென்சாரை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம், அளவும் நேராகத் தண்ணீரிலிருந்து வருகிறது. ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக்கூடாது. ஒற்றை ஒயர் சென்சார் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கும், இங்கே அந்த அலுமினியக் குழாய்க்கு இரண்டு பக்கமும் ரப்பர், அதற்கு எர்த்தே கிடையாது, அதனால் குழாயிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு ஒயர் இழுக்க வேண்டும். ஆலையிலிருந்து எலெக்ட்ரிக் ஃபேனோடு வந்த கார்கள் பலவற்றில் சுவிட்ச் ரேடியேட்டரின் பக்கத் தொட்டியிலோ கீழ்ப் பக்கத்திலோ இருக்கும். ரேடியேட்டரைக் கடந்து வந்த பிறகும் தண்ணீர் சூடாக இருந்தால் மட்டும் ஃபேன் ஓடட்டும் என்பது அந்த யோசனை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே வைத்தால் நான் மேலே சொன்ன எண்கள் எதுவும் பொருந்தாது, குறைத்துத்தான் வைக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டுக் குமிழைத் திருக முடிகிறது என்பதற்காகத்தான் நான் மேல் ஹோஸை விரும்புகிறேன்.

எங்கே வைத்தாலும் முனை தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தோ காற்று அடைத்தோ அந்த முனை வெறுங்காற்றில் நின்றால், இன்ஜின் கொதித்தாலும் சுவிட்சுக்குத் தெரிய வராது. கூலண்ட் ஊற்றிய பிறகு காற்றை முழுதாக வெளியேற்றுவதில் அவசரம் வேண்டாம்.

காரில் மாட்டுவதற்கு முன்னால் அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் வையுங்கள். சென்சார் முனையை அதில் தொங்க விட்டு (பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது), பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர், சுவிட்சின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, மெதுவாகச் சூடாக்கிக் கிளறிக்கொண்டே இருந்தால், எந்த டிகிரியில் பீப் வருகிறது, அடுப்பை அணைத்த பிறகு எந்த டிகிரியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். குமிழின் மேல் அச்சிட்ட கோடுகளை நம்ப வேண்டாம், நீங்களே அளந்து ஒரு மார்க்கரில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சுவிட்ச் தன் குணத்தை முழுதாகக் காட்டிவிடும், அதுவும் இன்ஜினைப் பணயம் வைக்காமல்.

ஒயரிங். ரிலே இல்லாமல் செய்யாதீர்கள். சில சுவிட்சுகள் ஃபேன் கரண்டை நேரடியாகத் தாங்கும் என்று எழுதியிருக்கும், இருந்தாலும் ரிலே போடுங்கள். சாதாரண நான்கு கால் ரிலேவில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். 30-க்கு பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். 87-லிருந்து ஃபேனுக்கு. 86-க்கு சாவி போட்டால் வரும் மின்சாரம், சின்ன ஃபியூஸ் வழியாக. 85-லிருந்து சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து எர்த். இப்படிச் செய்தால் சுவிட்ச் வழியாகப் போவது ஒரு ஆம்பியரில் ஐந்திலொரு பங்குகூட இருக்காது, கான்டாக்ட் பல காலம் உழைக்கும். டேஷ்போர்டில் ஒரு சின்னச் சுவிட்சும் வைத்து அதையும் 85-லிருந்து எர்த்துக்கு இணையாகக் கொடுத்துவிட்டால், தானியங்கிச் சுவிட்ச் செத்தாலும் கையால் ஃபேனை ஓட்டலாம். அந்தக் கைச் சுவிட்சில் "ஆட்டோ", "ஆன்" இரண்டு நிலை போதும். ஆஃப் என்று ஒன்று இருந்தால் ஒரு நாள் யாராவது அதை ஆஃபிலேயே விட்டுவிடுவார்கள். ஆழமான தண்ணீரில் வண்டியை இறக்குபவர்களுக்கு வேண்டுமானால் அது தேவைப்படும், சுற்றும் இறக்கை தண்ணீரில் அடிபட்டு வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும் அபாயம் உண்டு.

ஒயரின் தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. மூன்று மீட்டர் நீளமுள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 20 ஆம்பியர் பாய்ந்தால் ஏறக்குறைய 0.7 வோல்ட் ஒயரிலேயே சூடாக வீணாகும், 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அது 0.26 வோல்ட்தான். எர்த் ஒயருக்கும் அதே தடிமன், பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பழைய கார்களில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எர்த்தைத்தான்.

ரிலே வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ஃபேனைச் சுற்றும், சுற்றும் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். ஃபேனை நேராக இக்னிஷன் லைனில் கொடுத்திருந்தால், சாவியை அணைத்த பிறகும் அந்த மின்சாரம் பின்பக்கமாக வந்து இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட வைக்கும். ரிலே இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

ஆல்டர்னேட்டருக்குப் பதிலாகப் பழைய டைனமோ மின்சாரம் தரும் கார் என்றால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒரு காலத்தில் நிறையக் கார்களில் வந்த லூகாஸ் சி40 டைனமோவின் அளவே 22 ஆம்பியர், அதுவும் ஐடிலில் கிடைக்காது. இரண்டு ஹெட்லைட்டுக்கு ஒன்பது ஆம்பியர் போனால், வைப்பரும் ஃபேனும் மிச்சத்துக்குச் சண்டை போடும், இரவில் மழையில் நெரிசலில் நிற்கும்போது பேட்டரிதான் எல்லாவற்றையும் சுமக்கும். ஃபேன் தேவையான நேரத்தில் மட்டும் ஓடி நிற்கும்படி வைப்பது இந்த மாதிரிக் கார்களுக்கு இன்னும் முக்கியம். ஆல்டர்னேட்டருக்கு மாற்ற முடிந்தால் அதை முதலில் செய்யுங்கள்.

சாவியை எடுத்த பிறகு ஃபேன் ஓட வேண்டுமா? இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்று, இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய சூடு சில நிமிடம் ஏறும், முள்ளும் ஏறும். ஆனால் பம்ப் சுற்றாதபோது ரேடியேட்டரைக் குளிர வைத்து இன்ஜினுக்கு அதிகம் ஆகப்போவதில்லை, பேட்டரிதான் இறங்கும். அதைவிட, சாவி இல்லாமல் திடீரென்று கிளம்பும் ஃபேன் பானெட்டுக்குள் கை வைத்திருப்பவரின் விரலை வெட்டும். நான் சாவியோடு நிற்கும்படிதான் வைத்திருக்கிறேன்.

ஃபேனைப் பொருத்துவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் இடமிருந்தால் பின்னால், காற்றை இழுக்கும்படி. தகடுகள் வழியாகக் குத்திச் சொருகும் பிளாஸ்டிக் கட்டுகள் அதிர்ந்து அதிர்ந்து குழாயைத் தேய்த்து ஓட்டை போடும், பட்டை இரும்பில் பிராக்கெட் அடித்து ரேடியேட்டர் சட்டத்தில் மாட்டுங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்த் திசையில் சுற்றி, வரும் காற்றையே தடுக்கும். ஒரு காகிதத் துண்டை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். பழைய ஃபேனைக் கழற்றிய பிறகு அதே நீள போல்ட்டைத் திரும்பப் போட்டால் அது உள்ளே நீண்டு வாட்டர் பம்ப் உடம்பில் உரசலாம், குட்டை போல்ட்டோ வாஷரோ போட்டு ஈடு செய்ய வேண்டும்.

கடைசியாகக் காரில் வைத்துச் சரிபார்ப்பது. திறந்தவெளியில் நிறுத்திக் குமிழை உச்சத்துக்குத் திருகிவிட்டு இன்ஜினை ஐடிலில் விடுங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சூடாவது தெர்மோஸ்டாட் திறந்ததன் அடையாளம். முள் வழக்கமான இடத்தில் நின்று, பிறகு மெல்ல அதைத் தாண்டும். லேசாகத் தாண்டியதும் குமிழை மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள், ஃபேன் கிளம்பும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது ஃபேனைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். சில நிமிடத்தில் முள் இறங்கி ஃபேன் தானாக நிற்க வேண்டும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளம்ப வேண்டும். நிற்கவே இல்லையென்றால் குமிழ் கீழே இருக்கிறது, அல்லது ஃபேன் போதவில்லை, அல்லது சுற்றியிருக்கும் இடைவெளியில் காற்று ஒழுகுகிறது, ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மூடும் கூடு (ஷ்ரவுட்) தேவைப்படும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் கறுப்பு ஹோஸில் குறிவையுங்கள், பளபளக்கும் பித்தளையிலோ அலுமினியத்திலோ அது பொய் சொல்லும்.

அப்புறம் ஒரு நீண்ட ஓட்டம். டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கை 87-லிருந்து, தனிச் சின்ன ஃபியூஸோடு, இழுத்து வைத்திருந்தால் இங்கே பயன்படும். நல்ல வேகத்தில் போகும்போது அந்த விளக்கு அணைந்தே இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் எரிகிறது என்றால் குமிழை இன்னும் ஒரு துளி மேலே ஏற்றிப் பாருங்கள், அப்போதும் எரிந்தால் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. ஓட்டம் முடிந்து வந்ததும் ஃபியூஸ் கூட்டையும் ரிலேவின் அடியையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் ஒயர் முனையில் நசுக்கிப் பிடித்த ஏதோ ஒரு இணைப்பு (கிரிம்ப்) தளர்ந்திருக்கிறது, அதை அன்றைக்கே மறுபடி அடித்துவிடுங்கள். புதிதாகப் போட்ட ஹோஸ் கிளிப்புகளும் முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு கொஞ்சம் இளகும், இன்ஜின் ஆறியதும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, கூலண்ட் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள்.